கிள்ளான் பள்ளத்தாக்கில் சரக்கு லோரி விபத்துகளும் இழப்பீட்டு விசாரணையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் உழைப்பு வரலாறு இரயில் பாதையையும் இரப்பர்த் தோட்டத்தையும் மையமாகக் கொண்டே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. இவற்றை அடுத்து வந்த நெடுஞ்சாலைக் காலம் அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. தோட்டத்தைவிட்டு வெளியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் லோரி ஓட்டுநராகவும் லோரி உதவியாளராகவும் சுமை தூக்குவோராகவும் வாழ்க்கையைத் தொடர்ந்தனர். இன்னொரு பகுதியினர் அந்த லோரிகள் ஓடும் சாலைகளிலேயே மோட்டார் சைக்கிளில் ஆலைக்குச் சென்று வந்தனர். ஆகவே சரக்கு லோரி விபத்து என்பது இச்சமுதாயத்தை இரு பக்கத்திலிருந்தும் தொட்ட ஒன்றாகும்.

விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பமோ உடலுறுப்பு இழந்தவரோ இழப்பீடு கோரும்போது நீதிமன்றம் இருவகை ஆவணங்களைப் பார்க்கிறது. ஒன்று, விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காட்டும் ஆவணம். மற்றொன்று, பாதிக்கப்பட்டவர் யார், அவருடைய வருமானம் என்ன, அவரைச் சார்ந்திருந்தோர் யார் என்பதைக் காட்டும் ஆவணம். முதல்வகையில் பெரும்பகுதி லோரி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இரண்டாம்வகை ஏழைத் தொழிலாளர் குடும்பங்களில் பல சமயம் இருப்பதே இல்லை. இழப்பீட்டுச் சட்டம் எவ்வளவு வளர்ந்தபோதும் இந்த இரட்டைக் குறை நீங்கவில்லை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகச் சாலையும் கம்போங் மேடானும்

கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றுப் பகுதியோடு இணைத்த இரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் ஈயமும் இரப்பரும் பெரும்பாலும் இரயிலில் சென்றன. குறுகிய தூரங்களுக்கு மாட்டு வண்டி பயன்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர்களான தமிழர்களின் குடியிருப்பாக வளர்ந்ததும் இக்காலத்தில்தான்.

சரக்குப் போக்குவரத்து சாலைக்கு மாறியது விடுதலைக்குப் பிந்திய வளர்ச்சியாகும். 1950களில் பெட்டாலிங் ஜெயா உருவாயிற்று. 1972இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதே ஆண்டில் சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. 1973இல் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் இயங்கலாயிற்று. 1978இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. துறைமுகத்திலிருந்து தலைநகர் வரை ஆலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றிற்கான மூலப்பொருளும் உற்பத்திப் பொருளும் கூட்டரசு நெடுஞ்சாலையிலும் பழைய கிள்ளான் சாலையிலும் ஓடலாயின.

இதே காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வெளியேறிய குடும்பங்கள் நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களில் குடியேறின. பழைய கிள்ளான் சாலையை அடுத்த கம்போங் மேடானும் அதன் அண்டைப் பகுதிகளான கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான் முதலியனவும் இவ்வாறு பெருகியவையே. 2001 மார்ச்சில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட இனமோதலால் கம்போங் மேடானின் பெயரை நாடு அறிந்தது. ஆயினும் அத்தகைய பகுதிகளின் அன்றாட வாழ்வைத் தீர்மானித்தவை வேலையும் வேலைக்குச் செல்லும் சாலையுமே ஆகும்.

சாலை ஆபத்தை அரசு உணராமல் இல்லை. 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகில் இத்தகைய தடங்களுள் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது. 1973இல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1990களில் தனித்தடம் நீட்டிக்கப்பட்டபின் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, அப்பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. தடத்தைப் பிரித்தால் உயிர் காக்கப்படும் என்பதற்கு இது சான்று. ஆனால் தனித்தடம் முடியும் இடத்திலும், ஆலை வாயிலிலும், கிளைச் சாலையிலும் லோரியும் மோட்டார் சைக்கிளும் ஒரே தாரையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. சாலை விபத்துகளில் 2016இல் 7,152 பேரும் 2019இல் 6,167 பேரும் நாட்டில் உயிரிழந்தனர். உயிரிழப்போரில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே.

இழப்பீட்டுச் சட்டத்தின் பின்னணி

மலேசிய இழப்பீட்டுச் சட்டத்தின் வேர் ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் உள்ளது. ஒருவரின் மரணத்திற்காகப் பிறர் இழப்பீடு கோர முடியாது என 1808இல் ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற்குக் காரணமானதும் ஒரு வாகன விபத்தே. குதிரை வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த கணவர் தொடுத்த வழக்கு அது. 1837இல் தீர்க்கப்பட்ட பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கு இவ்வாய்விற்கு மேலும் நெருக்கமானது. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் சரக்கு வண்டி அளவுக்கு மீறிய பாரத்தால் உடைந்து, அதிலிருந்த பணியாள் தொடை முறிந்தார். முதலாளி பொறுப்பல்லர் என்றது நீதிமன்றம். பணியாளர் தம் தொழிலின் ஆபத்தை ஏற்றுக்கொண்டே வேலைக்கு வருகிறார் என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்து, நூறாண்டுக்கு மேல் தொழிலாளரைத் தடுத்து நின்றது. பிரிட்டனில் 1948இல்தான் அது சட்டத்தால் நீக்கப்பட்டது.

உயிரிழந்தவரின் குடும்பம் இழப்பீடு கோரும் உரிமையை 1846ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் வழங்கியது. அவ்வுரிமை மலாயாவில் 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 7ஆம் பிரிவாக இடம்பெற்றது. வேலையிடக் காயங்களுக்கு 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. மூன்றாம் தரப்பினருக்கான கட்டாயக் காப்புறுதி 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும், பின்னர் அதற்கு மாற்றாக வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விதிக்கப்பட்டது. காப்புறுதியற்ற வாகனத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ 1968இல் வாகனக் காப்புறுதியாளர் பணியகம் ஏற்பட்டது.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான சொக்சோ 1971இல் செயல்படத் தொடங்கியது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் அது உள்ளடக்கியது. யார் தவறு என்று கேளாமல் உதவி கிடைப்பது இதன் நன்மை. ஆனால் அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, வேலையால் விளைந்த காயத்திற்காகக் காப்புறுதி பெற்ற தொழிலாளி தம் முதலாளிமீது வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. ஆகவே ஒரே லோரி விபத்தில் எதிரே வந்த மோட்டார் சைக்கிளோட்டி முழு இழப்பீடு கோரலாம்; லோரிக்குள் இருந்த உதவியாளரோ சொக்சோவின் வரையறுக்கப்பட்ட தொகையோடு நிற்க வேண்டும். சரக்கு லோரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லப்பட்டோரின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்கள் எந்தத் தகுதியில் ஏறினர் என்னும் கேள்விக்கான விடையைப் பொறுத்தே காப்புறுதியின் பொறுப்பு அமைந்தது. ஒப்பந்தக் கூலிகளை லோரியில் ஏற்றிச் சென்ற தோட்டப்புற வழக்கத்தை நினைவிற் கொண்டால் இதன் விளைவு புரியும்.

ஓட்டுநருக்கு அப்பால்

விபத்து நேர்ந்ததும் அனைவரின் பார்வையும் ஓட்டுநர்மீதே விழுகிறது. காவல் துறையின் விசாரணையும் இயல்பாகவே குற்றவியல் நோக்குடையது; எந்த ஓட்டுநர்மீது குற்றம் சாட்டலாம் என்பதே அதன் முதற்கேள்வி. ஆனால் இழப்பீட்டு வழக்கு கேட்க வேண்டிய கேள்வி இதனினும் விரிந்தது. இதை உணர்த்திய இரு தீர்ப்புகள் இங்கு நோக்கத்தக்கவை.

முதலாவது, 1950இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தென் வேல்ஸ் போக்குவரத்து நிறுவனம் தொடர்பாக வழங்கிய தீர்ப்பு. பேருந்தின் டயர் வெடித்ததே விபத்திற்குக் காரணம் என்பது தெளிவாக இருந்தது. டயரில் வெளிப்பார்வைக்குத் தெரியாத முறிவு ஏற்பட்டிருந்தது. எனினும் டயர்மீது பலத்த அடி படும்போது ஓட்டுநர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்னும் முறையை நிறுவனம் ஏற்படுத்தவில்லை. அதனால் நிறுவனமே பொறுப்பு எனத் தீர்ப்பாயிற்று.

இரண்டாவது, 1969இல் அதே சபை தீர்த்த லோரி வழக்கு. இறக்கத்தில் வந்துகொண்டிருந்த லோரியின் பிரேக் செயலிழந்து ஒருவர் மாண்டார். பிரேக் எண்ணெய்க் குழாய் துருவேறித் துளைபட்டிருந்தது. அப்பகுதி கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாது. வழக்கமான பரிசோதனைகளைச் செய்ததாக உரிமையாளர் வாதிட்டார். அந்த லோரி முன்பு எத்தகைய சரக்கை ஏற்றியது, துருவை விளைவிக்கும் பொருள் எதனோடும் தொடர்புகொண்டதா என்பதைக் காட்டும் சான்றை அவர் முன்வைக்கவில்லை. வாகனத்தின் கடந்தகாலம் உரிமையாளர் ஒருவருக்கே தெரியும். அதைச் சொல்லாமல் இருந்துவிட்டுத் தாம் கவனமாக இருந்ததாக அவர் கூற முடியாது என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு.

1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இங்கிலாந்தில் நிலவிய பொதுச் சட்டம் தீபகற்பத்தில் ஏற்கப்பட்டது. முதற்தீர்ப்பு அந்த எல்லைக்குள் வருகிறது. இரண்டாவது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது எனினும் மதிக்கத்தக்க வழிகாட்டியாகும். இவற்றின் சாரம் ஒன்றே: லோரி விபத்தின் வரலாறு மோதல் நேர்ந்த நொடியில் தொடங்குவதில்லை, பணிமனையிலும் சரக்கு ஏற்றுமிடத்திலும் நிறுவன அலுவலகத்திலும் அது முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

விசாரணை தேட வேண்டியவை

விபத்து இடமே முதற்சான்று. டயர் தேய்ந்த கோடு, சாலைக் கீறல், கண்ணாடிச் சிதறல், வாகனங்கள் வந்து நின்ற நிலை ஆகியவற்றைக் காவல் துறைப் புலனாய்வு அதிகாரி வரைபடமாகவும் அதற்குரிய விளக்கக் குறிப்பாகவும் பதிவு செய்கிறார். நிழற்படங்களும் சேர்க்கப்படுகின்றன. இழப்பீட்டு வழக்குகளில் இவ்வரைபடமே நடுநிலைச் சாட்சியாக மதிக்கப்படுகிறது. ஆனால் மழையும் போக்குவரத்தும் சில மணி நேரத்தில் தடயத்தை அழித்துவிடும்; வரைபடத்தில் இடம்பெறாதது பின்னர் நீதிமன்றத்தில் வாய்மொழியாகவே எஞ்சும்.

அடுத்தது வாகனம். வணிக வாகனங்களின் கட்டாயப் பரிசோதனையை 1994 முதல் புஸ்பாகோம் நிறுவனம் மேற்கொண்டு வந்துள்ளது. பரிசோதனையில் தேறிய சான்றிதழ் அந்நாளின் நிலையை மட்டுமே காட்டும். அதற்குப் பிறகான பழுதுபார்ப்புப் பதிவேடு, மாற்றப்பட்ட பிரேக் பாகங்கள், டயர் வாங்கிய பற்றுச்சீட்டு ஆகியவை நிறுவனத்திடமே உள்ளன. இரவில் சாலையோரம் நிறுத்தப்பட்ட லோரியின்மீது மோதிய வழக்குகளில் பின்விளக்கு, பிரதிபலிப்பான், பின்புறத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் நிலை முடிவையே மாற்றக்கூடியது.

மூன்றாவது சரக்கு. கூட்டரசுச் சாலைகளுக்கான எடைக் கட்டுப்பாட்டு ஆணை 1989இல் பிறப்பிக்கப்பட்டு 2003இல் திருத்தப்பட்டது. பாரம் கூடினால் வண்டி நிற்கத் தேவையான தூரம் கூடும். வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடும். எடை நிலையச் சீட்டு, துறைமுக வாயிலில் பதிவான நேரம், சரக்கு ஒப்படைப்புச் சீட்டு ஆகியவை பாரத்தை மட்டுமன்றி ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓய்வின்றி ஓட்டினார் என்பதையும் காட்டும். பயணத்திற்கு இவ்வளவு என ஊதியம் பெறும் ஓட்டுநருக்கு வேகமும் கூடுதல் நடையுமே வருமானம். அந்த ஊதிய முறையும் சான்றாகும்.

நான்காவது உரிமம். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவோருக்கு ‘ஏ’ வகை உரிமமும் தம் சரக்கையே ஏற்றுவோருக்கு ‘சி’ வகை உரிமமும் வழங்கப்பட்டு வந்தன. உரிமம் ஒருவர் பெயரிலும், லோரி மற்றொருவர் பெயரிலும், ஓட்டுநர் மூன்றாமவர் கூலியிலும் இருந்தால் பொறுப்பு யாருடையது என்பதில் பூசல் எழும். ஆகவே தொடக்கத்திலேயே அனைவரையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பது வழக்கறிஞர்களின் நடைமுறை.

இவை அனைத்திற்கும் காலவரம்பு உண்டு. விபத்தை 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். உயிரிழப்பு வழக்கை மூன்றாண்டுகளுக்குள் தொடர வேண்டும். தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனத்திடம் பெற, வழக்குத் தொடுக்கும் முன்போ தொடுத்த ஏழு நாளுக்குள்ளோ அந்நிறுவனத்திற்கு அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு முன்னரே காப்புறுதித் தரப்பின் ஆய்வாளர் தம் அறிக்கையை முடித்துவிடக்கூடும். லோரியும் பழுது நீக்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வந்துவிடக்கூடும். துயரத்தில் இருக்கும் குடும்பத்திற்கு ஆவணத்தைக் காக்கும்படி கேட்க வேண்டும் என்பதே தெரிவதில்லை.

குடும்பத்தின் ஆவணங்கள்

இனி மறுபக்கத்தைக் காண்போம். காவல் நிலையத்தில் அளிக்கப்படும் முதற்புகார் மலாய் மொழியில் பதிவாகிறது. மொழித் தேர்ச்சி குறைந்த தொழிலாளி தாம் கண்டதைச் சொல்ல, மற்றொருவர் சுருக்கி எழுத, அதில் கையொப்பம் இடப்படுகிறது. ‘வலப்புறம் நுழைந்தது’ என்பதற்கும் ‘வலப்புறம் திரும்பியது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சில ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் பெரிதாகும். தவறு இரு பக்கமும் இருப்பின் உரிமையியல் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இழப்பீடு விகிதப்படி குறைக்கப்படும். ஒரு சொல்லின் விலை சில பத்தாயிரம் ரிங்கிட்டாக இருக்கலாம்.

உறவு நிலைக்கும் சான்று வேண்டும். 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமணம் மற்றும் மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிவிற்கு உட்படுத்தியது. அதன்பின் கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்தும் பதிவு செய்யாத தம்பதியர் இருந்தனர். கணவர் இறந்தபின் அத்தகைய பெண் சட்டத்தின் கண்ணில் மனைவியா என்ற கேள்வி எழுகிறது. துயர் இழப்பீடு என்னும் நிலையான தொகை மனைவிக்கோ கணவருக்கோ, மணமாகாத சிறார் இறந்தால் பெற்றோருக்கோ மட்டுமே உரியதாக இருந்தது. சமூகம் ஏற்ற உறவைச் சட்டம் ஏற்காத இந்த இடைவெளியில் இழந்தோர் பெண்களே.

வருமானச் சான்று மூன்றாவது இடர். இறந்தவர் தம் உழைப்பால் வருமானம் பெற்று வந்தார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. சம்பளச் சீட்டு இல்லாத நாட்கூலியும், வீட்டிலேயே உழைத்த தாயும் இவ்விதியின்முன் கிட்டத்தட்ட வருமானமற்றோராகி விடுகின்றனர்.

உயிரின் கணக்கு: 1984, 2019

1984 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் திருத்தம் இழப்பீட்டுக் கணக்கை ஒரு வாய்பாடாக்கியது. அதற்குமுன் எத்தனை ஆண்டு வருமானத்தை வழங்குவது என்பதை நீதிபதி வழக்கின் தன்மைக்கேற்ப முடிவுசெய்தார். திருத்தத்தின்படி 30 வயதும் அதற்குக் குறைவும் உடையவருக்கு 16 ஆண்டுகள். 31 முதல் 54 வயதுடையவருக்கு 55இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்த எண். 55ஐ எட்டியவருக்கு வருமான இழப்பே இல்லை. துயர் இழப்பீடு 10,000 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது.

இவ்வாய்பாட்டின் முரண் எளிதில் விளங்கும். 30 வயதில் இறந்தவரின் குடும்பத்திற்கு 16 ஆண்டுக் கணக்கு. 31 வயதில் இறந்தவருக்கு 12 ஆண்டு மட்டுமே. ஒரு வயதில் நான்காண்டு வருமானம் மறைகிறது. எடுத்துக்காட்டாக, 35 வயதில் இறந்தவர் குடும்பத்திற்கு மாதம் 900 ரிங்கிட் அளித்து வந்தார் எனக் கொண்டால் பத்தாண்டுக் கணக்கில் 108,000 ரிங்கிட் வரும். அவர் 55 வயதுவரை உழைத்திருக்கக்கூடிய இருபது ஆண்டில் இது பாதியே.

இந்நிலை முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. 2019 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வயது எல்லையை 60ஆகவும் துயர் இழப்பீட்டை 30,000 ரிங்கிட்டாகவும் உயர்த்தியது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இப்போது பன்னிரண்டரை ஆண்டுக் கணக்கில் 135,000 ரிங்கிட் கிடைக்கும். முன்னேற்றமே எனினும் வாய்பாட்டின் அடிப்படை மாறவில்லை. வருமானத்தை மெய்ப்பிக்கும் சுமை இன்னும் குடும்பத்தின்மீதே உள்ளது.

அண்மை நிகழ்வு உணர்த்துவது

நிறுவனத்தின் பொறுப்பை ஆராயும் நோக்கு அரசு மட்டத்தில் வலுப்பெற்றது அண்மையில்தான். 2025 மே 13ஆம் நாள் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் கற்கள் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புக் காவலர் சென்ற வாகனமும் மோதி ஒன்பது காவலர்கள் உயிரிழந்தனர். இது கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வெளியே நடந்தது எனினும், அதன்மீதான விசாரணை இங்குள்ள வழக்குகளுக்கும் பொருந்தும். போக்குவரத்து அமைச்சு அமைத்த சிறப்புப் பணிக்குழு ஓட்டுநரோடு நிற்காமல் லோரியின் பாரம், சுக்கான் அமைப்பு, இயக்கிய நிறுவனத்தின் நடைமுறை ஆகியவற்றையும் ஆராய்ந்தது. லோரி அனுமதிக்கப்பட்ட அளவை மீறிய பாரம் ஏற்றியிருந்தது தெரியவந்தது. 1837இல் இறைச்சிக் கடை வண்டி உடைந்தபோது எழுந்த அதே கேள்வி மீண்டும் எழுந்தது: பாரத்தை ஏற்றச் செய்தவர் யார்?

மாண்டோர் ஒன்பது காவலர்கள் என்பதால் நாடே விடை கேட்டது. ஆலைக்குச் செல்லும் வழியில் தனியொருவராக மாளும் மோட்டார் சைக்கிளோட்டிக்குப் பணிக்குழு அமைவதில்லை. அவருடைய குடும்பம் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கே அவருக்குரிய ஒரே விசாரணை. அவ்வழக்கு ஓட்டுநரின் தவற்றோடு முடிந்துவிட்டால் பாரம், பிரேக், பணிநேரம் ஆகியவை கேட்கப்படாமலே போகும். அதே லோரி அதே நிலையில் மறுநாளும் ஓடும்.

முடிவுரை

பொறுப்பு ஓட்டுநரிடமிருந்து நிறுவனத்திற்கு விரிந்ததைச் சட்ட வரலாறு காட்டுகிறது. ஆயினும் அவ்விரிவால் பயன்பெறத் தேவையான ஆவணங்கள் ஒருபுறம் நிறுவனத்தின் அலமாரியிலும், மறுபுறம் எங்கும் பதிவாகாமலும் கிடக்கின்றன. வாகனப் பழுதுபார்ப்பு, எடை, பயண நேரப் பதிவுகளைக் குறிப்பிட்ட காலம் காத்து, பாதிக்கப்பட்டோர் கேட்டால் தரவேண்டும் என்னும் கடப்பாடு தெளிவாக விதிக்கப்படுவது முதல் தேவை. திருமணப் பதிவு, பிறப்புப் பத்திரம், வருமானக் குறிப்பு ஆகியவற்றின் இன்றியமையாமையை மாணவர் வழியே குடும்பங்களுக்கு எடுத்துரைக்கத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களால் இயலும். நடந்ததைத் தெளிவாக, முன்பின் மாறாமல் எழுதும் பயிற்சியும் மொழிப் பாடத்தின் பகுதியே.

ஆய்வாளர்க்கும் இங்குப் பணி உண்டு. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் முதலிய நாளிதழ்களின் விபத்துச் செய்திகளும் நீத்தார் அறிவிப்புகளும், சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்புகளும், ஓட்டுநர்களின் வாய்மொழியும் ஒருங்கே திரட்டப்படின், தோட்டத்திற்குப் பிந்திய தமிழர் உழைப்பின் வரலாறு தெளிவுபெறும். கம்போங் மேடான் போன்ற இடங்களின் வரலாற்றை ஒரு மோதலின் வாயிலாக மட்டும் எழுதுவது போதாது. நாள்தோறும் அச்சாலையில் சென்றவர்களையும் திரும்பாதவர்களையும் அவ்வரலாறு கணக்கில் கொள்ள வேண்டும்.